வியாழக்கிழமை சொல்லாமல் விட்டது

ஹாஸ்டலில் துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சிஸ்டர் கேட்டார். நான் ஏழாவது வரை படித்தவள். பேச்சு குறைவு. எழுத்து அதைவிடக் குறைவு. பதினோரு வருடம் இந்த வேலை பார்த்துவிட்டு நின்றேன். எந்தத் தரைக்கு எவ்வளவு பினாயில் என்று எழுத மாட்டேன். அது இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். வேலைக்குச் சேரும்போது அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் பெயர் கன்னியம்மா. ஊர் வடக்குப்பட்டு. நம் ஹாஸ்டலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் நடத்துவது. நாலு மாடி, அறைக்கு ஆறு பேர், பாதிக்கு மேல் தெற்கத்திப் பையன்கள். திருநெல்வேலி, கோவில்பட்டி, ராமநாதபுரம். ஒரு அறை ஷிப்ட் முடித்து வந்து படுக்கும்போது அடுத்த அறை எழுந்து போகும். எந்நேரமும் எங்காவது யாராவது தூங்குவார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் அங்கே இரண்டு பழக்கம் இருந்தன. கதவுப் பிடியில் துண்டு தொங்கினால் உள்ளே நைட் ஷிப்ட் முடித்தவன் தூங்குகிறான். தட்டக் கூடாது, வாளியை இழுக்கக் கூடாது, தாண்டிப் போய்விட வேண்டும். துண்டு தொங்கின கதவைத் தட்டியதற்காக ஒரு பெண்ணை வேலையைவிட்டே நிறுத்தினார்கள். இது ஒன்று. ஒரு அறையில் ஒருவன் போதையில் பிடிபட்டால் ஆறு பேர் பையும் கேட்டுக்கு வெளியே போகும். இது இரண்டாவது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

எங்கள் தெருவில், என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், வாடகை அறையில் ஒரு பையன் செத்துப்போனான். வலி மாத்திரை. வலி இல்லாமலே, போதைக்குப் போட்டுக்கொண்டது. அளவு மீறிவிட்டது. கூட இருந்தவர்கள் தூங்குகிறான் என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டார்கள். குறட்டை கேட்டதாம். அந்தக் குறட்டையை நானும் கேட்டேன். தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை போகும்போது சத்தம் இல்லை. நல்லது, தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அதனால்தான் சிஸ்டர் இதைப் பற்றிச் சொல்லித் தர எங்கள் ஊருக்கு வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். சிஸ்டர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்லித் தந்தது அதிகம் இல்லை. தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடு. பதில் இல்லை என்றால் மூச்சைப் பார். உதடும் நகமும் நீலமா பார். நூற்றெட்டுக்குப் போன் செய். வாயில் எதையும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்க வை. தனியாக விட்டுப் போகாதே. கொர்கொர் என்று விட்டுவிட்டு வரும் சத்தம் தூக்கம் ஆகாது. மூச்சே நின்றுபோனால் வாயில் ஊது. இதை ஒரு பொம்மையை வைத்துக் கற்றுத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் மணிமங்கலம், படப்பை என்று கூட்டங்களுக்குப் போவேன். நோட்டீஸ் கொடுப்பது நான். பேசுவது அவர். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்லை.

பிறகு நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் பேச வேண்டும் என்றார் சிஸ்டர். "இங்க நீங்கதான் பேசணும் கன்னியம்மா. தினமும் பாக்கற முகம் உங்களது."

பேசப் போனேன். இருநூறு பையன்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். பேச்சு வரவில்லை. எல்லாம் தெரியும். வரவில்லை. சாம்பார் வாளி ஒன்று தரையில் இழுபடும் சத்தம்தான் கேட்டது. பின்னால் யாரோ விசில் அடித்தான்.

அப்போதுதான் குணா எழுந்தாள்.

குணசுந்தரி. சேரப்பணஞ்சேரிக்காரி. அடுத்த பிளாக்கில் துடைப்பவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், எனக்கு இரண்டு வருடம் பிந்தி வேலைக்கு வந்தவள். கூட்டத்துக்கு அவள் வந்ததே டீக்காகத்தான்.

"இன்னாடா விசிலு? அக்கா வாயைத் தொறந்தா முத்து கொட்டிடும்னு மூடிகினு கீது. நான் சொல்றேன் கேளுங்க" என்றாள். "பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் குறட்டை வுட்டுகினு கீறான். நீ எழுப்பறே. அவன் எழுந்து உன்னை நாலு கெட்ட வார்த்தை திட்டறான். சந்தோஷப்படு, நல்லா கீறான். திட்டவே இல்ல, அப்புடியே கெடக்கறான். அப்போ இன்னா பண்ணுவே?"

"நாம திட்டணுமா அத்தை?" என்றான் ஒருவன்.

"நீ திட்டு. திட்டிகினே நூத்தெட்டுக்குப் போன் போடு."

மெஸ் சிரித்தது. சிரித்துவிட்டுக் கேட்டது. அரை மணி நேரம் ஒருவனும் எழுந்து போகவில்லை. அவள் சொன்னது முழுக்க சிஸ்டர் எனக்குச் சொன்னது. அதைக் குணாவுக்குச் சொன்னது நான். வாளி கழுவும் இடத்தில், முந்தின வாரம், அவள் பொழுது போகாமல் கேட்டாள் என்று.

அன்றிலிருந்து அவள் எல்லாருக்கும் அத்தை. நான் ஆயாம்மா. ஸ்கூட்டரில் பின் சீட் அவளுக்குப் போயிற்று. சிஸ்டர் மேல் குற்றம் இல்லை. ஒரு சீட்டுதான், பேசுகிறவளைத்தான் கூட்டிப் போவார். உதவி வேண்டும் என்றால் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும் என்று முடிவானது. குணா நம்பர் என்று எல்லாரும் சொன்னார்கள். என்னுடையது பட்டன் போன். "உனக்குப் போன் பண்ணா மூச்சு வுடற சத்தம்தான்கா கேக்கும்" என்றாள் குணா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நம்பர் அச்சடித்த தாளை எண்பத்திரண்டு கதவிலும் ஒட்டியது நான். பசை வாளியும் நானும். ஒவ்வொரு கதவிலும் அவள் பெயரைத் தடவி ஒட்டினேன். கோணல் இல்லாமல் ஒட்டினேன்.

பொறாமை என்றால் சண்டை போடும், புறம் பேசும் என்று நினைக்காதீர்கள். என்னுடையது சத்தமே போடவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தது. அதனால் அது இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. குப்பைத் தொட்டி நம் கையில்தான் வரும். அதில் மாத்திரை அட்டையோ ஊசியோ கிடைத்தால் அன்றைக்கே குணாவிடம் சொல்ல வேண்டும். ஆபீசுக்குச் சொல்லக் கூடாது. குணா அந்த அறைக்குப் போய்ப் பேசுவாள், தேவைப்பட்டால் சிஸ்டரிடம் கூட்டிப் போவாள். அப்படி மூன்று பேரை மாற்றியிருந்தாள். மூன்றும் நான் எடுத்துக் கொடுத்த அட்டைகள். சிஸ்டர் மூன்று தடவையும் "சபாஷ் குணா" என்றார்.

நாலாவது அட்டை ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. இரண்டாவது மாடி, இருபத்தேழாம் அறை. மிக்சர் பாக்கெட்டுக்குள் திணித்து வைத்திருந்தார்கள். நாலு அட்டை, எல்லாம் காலி. குணா அன்றைக்குப் படிக்கட்டிலேயே எதிரே வந்தாள்.

"இன்னாக்கா, எதுனா கெடச்சிதா?"

"இல்ல" என்றேன்.

அட்டைகளை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நம் மெஸ்ஸில்தான். அங்கே நேராக சிஸ்டர் கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன். எல்லார் முன்னாலும். ஒரு தடவை என் பெயரைச் சொல்லட்டும் என்று. மூன்று நாள்தானே.

வெள்ளிக்கிழமை அந்த அறையைத் துடைத்தேன். ஆறு பேரும் முதல் ஷிப்ட், அறை காலியாக இருந்தது. நினைத்துக்கொண்டேன், நல்லாத்தான் இருக்கிறார்கள் என்று.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. இருபத்தேழாம் அறைக் கதவில் துண்டு தொங்கியது.

பழக்கப்படி தாண்டித்தான் போனேன். நாலு அடி போனதும் நின்றேன். அந்த வாரம் முழுக்க அந்த அறைக்கு முதல் ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்தவன் அங்கே எப்படி வந்தான்? திரும்பினேன். கதவு ஓரத்தில், தரையில், அந்த அறைப் பையன் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். கோவில்பட்டிப் பக்கம். கையில் போன். கண் சிவந்திருந்தது.

"யாரு உள்ள?"

"இசக்கி. ஒண்ணுமில்ல ஆயாம்மா. தூங்குதான்."

"நீ வேலைக்குப் போகல?"

"இவனுக்கு மேலுக்கு முடியல. அதான் கூட இருக்கேன். மோர் குடுத்திருக்கோம். தெளிஞ்சிரும்."

உள்ளேயிருந்து குறட்டை வந்தது. கொர் என்று இழுத்து, நின்று, பிறகு கொர்.

"நான் பாக்கறேன்" என்றேன்.

அவன் எழுந்து கதவை மறித்தான். "வேண்டாம் ஆயாம்மா. அத்தைக்குப் போன் போட்டுட்டேன். படப்பையில இருக்காவளாம், பஸ் ஏறிட்டாவ. அத்தை வரட்டும். நீங்க போங்க."

"அத்தைகிட்ட என்ன சொன்ன?"

"மேலுக்கு முடியலன்னு சொன்னேன்."

மாத்திரை என்று அவளிடம் அவன் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், வியாழக்கிழமையிலிருந்து.

இப்போது எழுதப் போவதை நான் சிஸ்டரிடமும் சொன்னதில்லை. அங்கே நின்றபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. கோபம். உள்ளே ஒருவன் மூச்சுக்குத் தவிக்கிறான், வாசலில் நான் நிற்கிறேன், இவன் படப்பையிலிருந்து அவள் வர வேண்டும் என்கிறான். அவளைத்தானே கூப்பிட்டாய், அவளே வரட்டும், அவள் தலையிலேயே விடியட்டும். இப்படித்தான் நினைத்தேன். மாப்பைப் பிழிந்தேன். அடுத்த அறைக்குள் போனேன். துடைக்க ஆரம்பித்தேன்.

பாதி அறை துடைத்தேன்.

சுவர் வழியாகக் குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. மாப்பைப் பிடித்தபடி காத்திருந்தேன். இப்போது வரும், இப்போது வரும் என்று. வரவில்லை. என் தெருவும் அந்த மூன்றாவது வீடும் கண்ணுக்குள் வந்தன. மாப்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"வுடுடா" என்றேன்.

"அத்தை வரட்டும் ஆயாம்மா. ஆபீசுக்குத் தெரிஞ்சா எங்க ஆறு பேரையும் வெளிய தள்ளிருவாவ. எங்க வீட்டுல என் சம்பளத்தை நம்பித்தான்…" அழுதுகொண்டே கதவில் சாய்ந்துகொண்டான். இருபது வயது உடம்பு. நான் தள்ளினால் நகராது. கத்தினால் கீழேயிருந்து செக்யூரிட்டி வருவார், அவர் ஆபீசைக் கூப்பிடுவார், ஆபீஸ் பதிவு நோட்டை எடுக்கும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இவனை நகர்த்தக் கூடியவள் ஒருத்திதான். அவளைக் கூப்பிட எனக்கு மனசு இல்லை. கூப்பிட்டேன். அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, கடைசியாகப் போன நம்பரை அழுத்தினேன்.

"சொல்றா பேச்சி, வந்துகினே கீறேன்" என்றாள். பஸ் ஹாரன் கேட்டது.

"நான் கன்னியம்மா."

"அக்காவா? இன்னாக்கா?"

"மாத்திரை. வலி மாத்திரை. மூச்சு நின்னு நின்னு வருது. நீ நூத்தெட்டுக்குப் பேசு. கேட்டைத் தெறந்து வைக்கச் சொல்லு. நான் உள்ள போகணும். இவன் வுடல."

அவள் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. அதற்காக அவளை மெச்ச வேண்டும். "ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

போட்டேன்.

"டேய் பேச்சிமுத்து. அக்காவை உள்ள வுடு. அது சொன்னா நான் சொன்ன மாதிரி. மறிச்சிகினு நின்னே, வந்து செருப்பு பிஞ்சிடும். உங்களை எவன் வெளிய அனுப்பறான்னு நான் பாக்கறேன். நவுரு."

நகர்ந்தான். ஒரு நொடியில் நகர்ந்தான். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. மறைக்காமல் எழுதுகிறேன்.

உள்ளே இசக்கி மல்லாந்து கிடந்தான். தலை முடியெல்லாம் ஈரம், தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வாயோரம் மோர். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தேன். அசைவில்லை. உதடு நாவற்பழம் தின்றவன் மாதிரி இருந்தது. ஒருக்களித்து வாயில் இருந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்து எடுத்தேன். மோர் கொட்டியது. கன்னத்தை அவன் மூக்கருகே வைத்துப் பார்த்தேன். காற்று இல்லை.

பொம்மைக்கு ஊதியபோது எனக்கு வரவில்லை. குணா சிரித்திருக்கிறாள், "அக்கா பொம்மைக்கு முத்தம் குடுக்க வெக்கப்படுது" என்று. இப்போது ஊதினேன். மல்லாத்தி, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, தலைப்பை மேலே போட்டு ஊதினேன். புளித்த மோர் வாசனை. நெஞ்சு ஏறியது. மறுபடி ஊதினேன். அஞ்சு எண்ணிவிட்டு மறுபடி. பேச்சிமுத்து என் பின்னால் நின்று "இசக்கி, லேய் இசக்கி, எந்திலே" என்று கத்திக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவில் ஒரு தடவை அவனாகவே இழுத்தான். அதற்கப்புறம் நான் ஊதினால் அவனும் ஒன்று இழுப்பான்.

ஆம்புலன்ஸ் நேராக மாடிப்படி வரை வந்தது. கேட் திறந்திருந்தது. வழியில் நின்ற கம்பெனி பஸ்ஸை யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள். எல்லாம் அவள் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே செய்தது.

வந்தவர் ஊசி எடுத்துக்கொண்டே கேட்டார். "என்ன மாத்திரைம்மா? பேரு தெரியுமா? தெரிஞ்சா நல்லது."

ஓடிப்போய் என் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"எப்ப கெடச்சது?"

"இப்பதான்" என்றேன்.

இசக்கி பிழைத்தான். நாலு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தான். மோர் நுரையீரலுக்குள் போயிருந்ததால் காய்ச்சல் வந்து, அதுவும் இறங்கியது. அவன் அம்மா மறுநாள் காலையிலேயே ஊரிலிருந்து வந்தார். ஒல்லியான பெண், செருப்பு இல்லை. ஒரு பை நிறையக் கருப்பட்டி கொண்டுவந்திருந்தார். ஹாஸ்டல் வாசலில் பேச்சிமுத்து "இவங்கதான் அத்தை" என்று காட்டினான். அந்த அம்மா குணா காலில் விழுந்தார்.

"ஐயோ எழுந்திரும்மா. நான் பஸ்ஸுல வந்துகினு இருந்தேன். ஊதினது அக்காதான்" என்று குணா என்னைக் காட்டினாள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு குணா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கருப்பட்டிப் பையும் அவள் கைக்குப் போனது.

நான்தான் என்று நானும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. மீதி மூன்று அட்டை என் பையில் இருந்தது. என்னைப் புகழ யாராவது வாயைத் திறந்தால், எப்போது எடுத்தாய் என்ற கேள்வியும் கூட வரும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிஸ்டர் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். நான் கேட்டது கிடைத்தது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

திங்கட்கிழமை குணாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டேன். மூன்று அட்டையையும் அவள் கையில் வைத்தேன்.

"எந்த ரூம்புக்கா?"

"இருபத்தேழு. வியாழக்கெழமை எடுத்தேன்."

அவள் சிரிக்கத் தயாராக இருந்த முகம் அப்படியே நின்றது. விரலை மடக்கினாள். "வியாழன். வெள்ளி. சனி." பிறகு, "படிக்கட்டுல கேட்டேனே. இல்லன்னு சொன்னியே."

"ஆமா."

"ஏன்கா?"

"உனக்குக் குடுக்க மனசு வரல."

"என் மேல இன்னா காண்டு உனக்கு? நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. எல்லாரும் உன்னையே கூப்பிடறாங்க."

அவள் தொட்டி மேல் உட்கார்ந்தாள். பிறகு அட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பையன் போயிருந்தா, இத்தை எடுத்துகினு என்கிட்ட வந்திருப்பியா?"

யோசித்தேன். பொய் சொல்லத் தோன்றியது.

"தெரியல" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் என்னிடம் பேசவும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் காண்ட்ராக்டர் ஆபீசில் போய் உட்கார்ந்து, உதவிக்குக் கூப்பிட்ட அறையை வெளியே அனுப்பக் கூடாது என்று வாங்கி வந்தாள். துண்டு தொங்கினாலும் நாம் ஒரு தடவை தட்டிக் குரல் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதையும் அப்போதுதான் வாங்கினாள். உள்ளே இருந்து திட்டு வந்தால் அடுத்த கதவு. இன்று உங்களைத் தினமும் பத்துப் பேர் திட்டுகிறார்கள் என்றால் அது அவளால்தான்.

மூன்று வாரம் கழித்து நான் வாளி கழுவும் இடத்துக்கு வந்து நின்றாள்.

"இனிமே தெனம் நானே வந்து கேப்பேன். இருக்குன்னா இருக்குன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. உன் மொகத்தைப் பாத்துகினே கேப்பேன்."

நாலு வருடம் கேட்டாள். ஒரு நாளும் விடவில்லை. என்னைத் திருடி மாதிரி நிறுத்திக் கேட்கிறாளே என்று தினமும் எரியும். பதில் சொல்வேன். கிடைத்திருந்தால் கொடுப்பேன். அவள் மேலே போய்ப் பேசுவாள், பையன்கள் அத்தை அத்தை என்பார்கள், சிஸ்டர் சபாஷ் என்பார். ஒரு தடவைகூட எரியாமல் இருந்ததில்லை. ஒரு தடவைகூட மறுநாளைக்குத் தள்ளவும் இல்லை. எரிச்சல் அடங்கட்டும், மனசு சுத்தமாகட்டும், பிறகு சொல்வோம் என்று காத்திருந்தால் நான் இன்னும் காத்திருப்பேன். எரிச்சலோடேயே சொல்லிவிடலாம். சொல்வதற்கு மனசு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை.

நான் வேலையிலிருந்து நின்ற அன்றைக்கு மெஸ்ஸில் விழா வைத்தார்கள். சாயங்காலம், முதல் ஷிப்ட் வந்த பிறகு. மாலை போட்டார்கள். கேக் வைத்தார்கள். போட்டோ எடுக்க ஒருவர் வந்திருந்தார். விழாவுக்குக் கூப்பிடும் முன் கடைசியாக மூன்றாவது மாடியைக் கூட்டிவிட்டு வந்தேன். அங்கே நாற்பத்தொன்பதாம் அறைத் தொட்டியில் ஒரு அட்டை கிடைத்தது. பாதி காலி. இடுப்பில் செருகிக்கொண்டு குணாவைத் தேடினேன். அதற்குள் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மைக் அவள் கையில் இருந்தது. என் விழாவிலும் அவள்தான் பேசினாள்.

"எங்க அக்கா என்கிட்ட இத்தினி வருஷத்துல நாலு வார்த்தை பேசியிருக்கும். அதுல மூணு 'இல்ல'" என்றாள். கைதட்டல். "நாலாவது வார்த்தை இன்னான்னு நான் சொல்ல மாட்டேன்." மறுபடி கைதட்டல். அடுத்து சிஸ்டர் பேசுவதாக இருந்தது. அவர் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. என்னைப் பற்றி எழுதி வந்திருந்தார்.

இருநூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் போகட்டும் என்று மனசு சொன்னது. சிஸ்டர் அந்தத் தாளைப் படித்து முடிக்கட்டும். பாதி அட்டைதானே.

எழுந்தேன். மாலையோடு மைக்குக்குப் போனேன். பேசப் போகிறேன் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். குணா காதில் சொன்னேன்.

"மூணாவது மாடி. நாப்பத்தொம்பது. இன்னிக்கி."

அவள் அட்டையைப் பார்த்தாள். மைக்கை மேசையில் வைத்தாள். போனாள். சிஸ்டர் தாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். என்ன, என்ன என்று பையன்கள் எழுந்தார்கள். அத்தை ஓடுகிறாள் என்றால் காரணம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மாடிப்படி வரை கூட்டம். மெஸ் காலியானது.

அந்தப் பையன் கட்டிலில் உட்கார்ந்துதான் இருந்தானாம். தலை தொங்கிக்கொண்டிருந்தது, கூப்பிட்டால் பதில் வந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி, பிறகு சிகிச்சை. இப்போது மறுபடி கம்பெனி வேலைக்குப் போகிறான் என்று கேள்வி. அவன் பெயர் எனக்குத் தெரியாது. அவனுக்கும் என் பெயர் தெரியாது.

சிஸ்டர் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

போட்டோக்காரர் மட்டும் மெஸ்ஸில் இருந்தார். கேமராவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "எல்லாரும் போயிட்டாங்களேம்மா. உங்களை மட்டும் எடுக்கட்டுமா?" என்றார்.

"எடு" என்றேன்.